ஆறு டிவிசன், ஐந்து ஞாயிறு: தோட்டத்தில் பெண்கள் கரப்பந்தாட்ட லீக் நடத்துவது எப்படி

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பெண்களுக்கு கரப்பந்தாட்டம் என்றால் அநேகமாக ஒருநாள் விலகல் போட்டிதான். காலையில் ஒரு ஆட்டம் தோற்றால் பகல் சோற்றுக்கு முன்பே வீடு. புதிதாக ஆட வரும் பிள்ளை அதில் எதைக் கற்கும்? லீக் முறையில் எல்லா அணியும் எல்லா அணியோடும் ஆடும், தோற்ற அணிக்கும் அடுத்த ஞாயிறு ஆட்டம் இருக்கிறது. ஆனால் லீக் குழம்புவது மைதானத்தில் அல்ல, கலண்டரில். ஆகவே முதலில் கலண்டர்.

அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கம் என்றால் தென்மேல் பருவமழை பிடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை தொடவே வேண்டாம். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்லது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் கதை வேறு: அங்கே வடகீழ் மழை. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை தரை காய்ந்திருக்கும், காற்றுதான் தொல்லை. சம்பளத்தை அடுத்து வரும் ஞாயிறைக் கழியுங்கள், அன்று எல்லாரும் டவுனில் இருப்பார்கள். கொழுந்து கூடும் காலத்தில் ஞாயிறும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்க மலைக்குப் போவார்கள், அதையும் கழியுங்கள். கோயில் திருவிழா, பரீட்சை எல்லாம் போக ஐந்து ஞாயிறும், மழைக்காக ஒரு உபரி ஞாயிறும் தேறினால் போதும்.

தோட்டத்தின் ஒவ்வொரு டிவிசனுக்கும், அதாவது பிரிவுக்கும், ஒன்றாக ஆறு அணி என்றால் 15 ஆட்டம். ஒன்றாம் அணியை அசையாமல் வைத்து, மற்ற ஐந்தையும் ஒவ்வொரு வாரமும் ஒரு இடம் நகர்த்துங்கள்:

1ஆம் ஞாயிறு: 1–6, 2–5, 3–4
2ஆம் ஞாயிறு: 1–5, 6–4, 2–3
3ஆம் ஞாயிறு: 1–4, 5–3, 6–2
4ஆம் ஞாயிறு: 1–3, 4–2, 5–6
5ஆம் ஞாயிறு: 1–2, 3–6, 4–5

ஐந்து அணிதான் வந்தது என்றால் ஆறாம் எண்ணை வெறுமையாக விடுங்கள். அதனோடு சேரும் அணிக்கு அன்று ஓய்வு. மூன்று செட் ஆட்டம் ஒன்றுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கி ஒன்பதரைக்குத் தொடங்கினால், பனிமூட்டம் இறங்குமுன் மூன்று ஆட்டமும் முடியும். பிந்தினால் கடைசி ஆட்டத்தில் பந்து எங்கே வருகிறது என்று தெரியாது, இருட்டில் பிள்ளைகளை அனுப்பவும் வீட்டில் விடமாட்டார்கள். ஆடாத அணிகளிடமிருந்து கோட்டு நடுவர்களையும் புள்ளி எழுதுபவரையும் எடுங்கள். கைக்குழந்தைக்காரர்கள் வர வேண்டுமானால் அன்று பிள்ளைக்காம்பராவை (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தை) திறக்கச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள்.

ஆடுகளம் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். மூலைவிட்டம் இரண்டும் 20.12 மீற்றர் வரவேண்டும். வராவிட்டால் களம் கோணியிருக்கிறது. சுற்றிவர 3 மீற்றராவது வெற்றிடம் விடுங்கள். நம்மூர் மைதானங்களில் ஒரு பக்கம் கட்டையோ கானோ (வடிகாலோ) இருக்கும், அந்தப் பக்கத்தில்தான் கால் முறியும். மத்திய கோட்டிலிருந்து 3 மீற்றரில் தாக்குதல் கோடு.

பெண்களுக்கு வலையின் உயரம் 2.24 மீற்றர், ஆண்களுக்கு 2.43. பொடியன்மார் ஆடிவிட்டுப் போன வலையை அப்படியே விட்டு ஆடுவதுதான் எங்கும் நடக்கும் பிழை. 19 சென்ரிமீற்றர் அதிகம் என்றால் அறைதல் (ஸ்மாஷ்) என்பதே ஆட்டத்தில் இருக்காது, தட்டித் தட்டி அனுப்புவார்கள். நடுவில் அளவுகோலை நிறுத்தி அளவுங்கள். இரு ஓரமும் ஒன்றுக்கொன்று சமமாகவும், நடுவைவிட 2 சென்ரிமீற்றருக்கு மேல் கூடாமலும் இருக்கவேண்டும். நைலோன் கயிறு நனைந்தால் இளகும். தூறல் போட்டால் ஒவ்வொரு செட்டுக்கும் பிறகு திரும்ப அளவுங்கள்.

பந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இது மலையில் மட்டும் வரும் கோளாறு. விதிப்படி காற்றழுத்தம் சதுர சென்ரிமீற்றருக்கு 0.30 முதல் 0.325 கிலோ. கொழும்பில் சரியாக 0.30 அடித்த பந்தை ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அளந்தால் 0.40க்கு மேல் காட்டும். பந்துக்குள் யாரும் காற்றடிக்கவில்லை. வெளிக்காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது, குளிரால் உள்ளே இறங்கும் அழுத்தம் அதற்கு ஈடாகாது. அந்தப் பந்தைப் பெறும் பிள்ளையின் முன்கை பத்து நிமிடத்தில் சிவந்துவிடும். “கை பழகவில்லை” என்று அவளைக் குறை சொல்லாமல், ஊசியை நனைத்துச் செருகி காற்றை இறக்குங்கள். ஆட்டம் நடக்கும் இடத்திலேயே அளவுங்கள். எடை 260 முதல் 280 கிராம், கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். நனைந்த பழைய பந்து இதைத் தாண்டிவிடும்.

மெல்லிய காற்றில் பந்து கொஞ்சம் தூரமும் போகும். கீழிருந்து வரும் அணிகளின் பணிப்பு (சேர்விஸ்) முதல் செட்டில் பின்கோட்டைத் தாண்டி விழுவது இதனால்தான்.

செட்டுக்கு 25 புள்ளி, கடைசி செட்டுக்கு 15, இரண்டு புள்ளி வித்தியாசம் கட்டாயம். புது அணிகள் அதிகம் புள்ளி விடுவது சுழற்சி பிழைத்துத்தான்: எதிரணியிடமிருந்து பணிப்பைப் பறித்தவுடன் ஆறு பேரும் கடிகாரத் திசையில் ஒரு இடம் மாறவேண்டும். பணிக்கும் வரிசையைக் கடதாசியில் எழுதி அணித்தலைவியிடம் கொடுங்கள். லிபரோ, அதாவது வேறு நிறச் சட்டையில் பின்வரிசையில் மட்டும் ஆடுபவர், பணிக்கவோ வலையில் தடுக்கவோ கூடாது.

இனி சண்டை வரும் இடம், புள்ளி அட்டவணை. 2–0 வெற்றிக்கு 3 புள்ளி. 2–1 என்றால் வென்றவருக்கு 2, தோற்றவருக்கு 1. வராத அணிக்கு 0–25, 0–25. தரவரிசையில் முதலில் பார்ப்பது வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கை, புள்ளி அதன் பிறகுதான். நான்கு ஆட்டத்தை 2–1 என வென்று ஒன்றில் 0–2 தோற்ற அணிக்கு 8 புள்ளி, மூன்றை 2–0 என வென்று இரண்டில் 0–2 தோற்ற அணிக்கு 9. ஆனாலும் 8 புள்ளிக்காரர்தான் மேலே. இதை முதல் நாளே எல்லா அணித்தலைவிகளிடமும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் ஞாயிறு சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

அதுவும் சமன் என்றால் செட் விகிதம், பிறகு ஆட்டப் புள்ளி விகிதம். கழிக்காதீர்கள், வகுங்கள்: 120க்கு 100 என்றால் 1.20, 150க்கு 128 என்றால் 1.17. கழித்தால் 22 எடுத்தவர் முன்னே நிற்பார், வகுத்தால் 20 எடுத்தவர்தான் முன்னே.

லீக்கில் தேறிய அணியை மேலே அனுப்ப, பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரைப் பாருங்கள். தேசிய விளையாட்டு விழாவுக்கான பாதை பிரதேசம், மாவட்டம், மாகாணம் என்று ஏறிப் போகும். பெயர்ப் பட்டியலை அடையாள அட்டையில் உள்ளபடி எழுதுங்கள். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) கூப்பிடும் பெயர் ஒன்று, அட்டையில் இருப்பது வேறொன்று. மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அட்டைதான் கணக்கு.