துருவப் பனிக்கு விண்வெளியில் குடை: கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி?

நல்ல வெயில் நேரத்தில் மொட்டை மாடிக்குப் போங்கள். கையில் ஒரு பத்து ரூபாய் நாணயம் இருக்கட்டும். தரைக்கு ஒரு சாண் மேலே பிடித்தால் கீழே கறுப்பாக, விளிம்பு தெளிவாக ஒரு வட்டம் விழும். மெல்ல உயர்த்துங்கள்: நடுவிலிருக்கும் கறுப்பு சுருங்கும், சுற்றிலும் சாம்பல் நிறம் பரவும். நாணயத்தை நீளக் குச்சியின் நுனியில் ஒட்டி மூன்று மீட்டர் தூக்கினால் கறுப்பே இருக்காது, மங்கலாக ஒரு திட்டு மட்டும் தெரியும், அதுவும் உற்றுப் பார்த்தால்தான்.

காரணம் எளிது. சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அதனால் எந்த வட்டப் பொருளின் கருநிழலும் அதன் குறுக்களவைப் போல ஏறக்குறைய 107 மடங்கு தூரத்தில் முடிந்துவிடும். நாணயம் 27 மில்லிமீட்டர், 107ஆல் பெருக்கினால் 2.9 மீட்டர். பூமி சூடாவதைத் தணிக்க, துருவப் பனியைக் காக்க, விண்வெளியில் ஒரு மறைப்பை நிறுத்தி வெயிலில் ஒரு சிறு பங்கைத் தடுக்கலாம் என்கிற யோசனைதான் விண்வெளிக் குடை. அதைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பேன், ஏனென்றால் தூரம் கூடினால் நிழல் மங்கிப் பரவிவிடும், துருவத்துக்கு மட்டும் நிழல் போட்டுவிடலாம் என்ற ஆசை இங்கேயே அடிபடுகிறது.

சரி, குடையை எங்கே வைப்பது? பூமிக்குப் பக்கத்தில் சுற்றவிட்டால் நிழல் தெளிவாக விழும், ஆனால் அது வினாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும், பாதி நேரம் வேண்டாத இடத்தில் இருக்கும். ஆகவே எல்லோரும் போய் நிற்கும் இடம் எல்1 புள்ளி. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர், நம் ஆதித்யா எல்1 விண்கலம் 2024 ஜனவரி 6 முதல் சுற்றிவரும் அதே இடம். அங்கே ஒரு பொருள் பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றும். ஆனால் தானாக நிலைத்து நிற்காது: சிறு விலகல்கூட 23 நாட்களில் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும், அடிக்கடி திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது பரப்பளவு. 15 லட்சத்தை 107ஆல் வகுத்தால் 14,000 கிலோமீட்டர். எல்1 தூரத்தில் சூரியனை முழுசாக மறைக்க இவ்வளவு அகலம் வேண்டும். அந்த வட்டத்தின் பரப்பில் ஒரு சதவீதம் எடுத்தால் 15 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவில் ஏறக்குறைய பாதி. சூரிய ஒளியில் ஒரு சதவீதத்தைக் குறைக்க இது போதுமா என்றால், தாளில் போதும். வானத்தில் வேறு ஒரு சிக்கல் வருகிறது, இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

ஒளிக்கு அழுத்தம் உண்டு. ஒளியை முழுவதும் உறிஞ்சும் கறுப்புத் தாளில் ஒரு சதுர மீட்டருக்கு 4.5 மைக்ரோநியூட்டன், கொசு உட்காரும் எடைகூட இல்லை. ஆனால் ராக்கெட் செலவுக்குப் பயந்து தாளைச் சதுர மீட்டருக்குப் பத்து கிராம் என்று மெலிதாக்கினால், சூரியனின் ஈர்ப்பில் ஏழெட்டு சதவீதத்தை அந்தத் தள்ளலே தின்றுவிடும். பிறகு குடை எல்1இல் நிற்காது. அதைச் சமன் செய்ய இன்னும் சூரியன் பக்கமாக, சுமார் 40 லட்சம் கிலோமீட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். தூரம் கூடக்கூட அதே நிழலுக்குக் குடை பெரிதாக வேண்டும், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப. ஏழெட்டு மடங்கு! எடையைக் குறைக்கப் போய் பரப்பு எகிறிவிடுகிறது. கண்ணாடி போலப் பளபளப்பாக்கினால் தள்ளல் இரண்டு மடங்காகி இன்னும் மோசம்.

அரிசோனா பல்கலைக்கழக வானியலாளர் ரோஜர் ஏஞ்சல் 2006இல் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒளியைத் தடுக்க வேண்டாம், பூமியைத் தவறவிடும் அளவுக்கு லேசாக வளைத்துவிட்டால் போதும். அப்போது தள்ளல் மிகவும் குறையும், 18.5 லட்சம் கிலோமீட்டரிலேயே நிறுத்தலாம். ஒரே குடையும் இல்லை, அறுபது சென்டிமீட்டர் அகலத்தில், ஒரு கிராம் சொச்சம் எடையில், கிட்டத்தட்ட 16 லட்சம் கோடி சின்னஞ்சிறு தட்டுகள். குறைக்க நினைத்தது 1.8 சதவீதம், மொத்த எடை 2 கோடி டன். சர்வதேச விண்வெளி நிலையம் 420 டன்தான், ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் துருவத்துக்கு வருவோம். ஜூனில் வட துருவம் சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும்போது குடையை வடக்கே சுமார் 5,800 கிலோமீட்டர் நகர்த்தினால் நிழலின் மையம் துருவத்தில் விழும். ஆனால் நிழலின் அகலம்தான் 14,000 கிலோமீட்டருக்குக் குறையாதே. மேல் பாதி பூமியைத் தாண்டி வெட்டவெளியில் வீணாகப் போகும், தெற்கு ஓரம் மதிய வேளையில் தமிழ்நாட்டின் அட்சரேகை வரை வரும். தென்மேற்குப் பருவமழை நிலம் சூடாவதை நம்பியிருக்கும் அதே மாதம். நம்மைக் கேட்காமல் யாரும் இதைச் செய்துவிடக் கூடாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

நகர்த்துவதிலும் ஒரு வினை. எல்1இல் இயல்பான ஊசலாட்டத்தின் காலம் ஏறக்குறைய ஆறு மாதம். ஆதித்யா ஒரு சுற்றை முடிக்க 178 நாள் எடுத்துக்கொள்கிறது. அப்படியே விட்டால் ஜூனில் வடக்கே இருந்த குடை டிசம்பரிலும் வடக்கேதான் நிற்கும், அப்போது ஆர்க்டிக் இருட்டில், அண்டார்டிகா முழு வெயிலில். ஒரு வருட ஊசலாக்க, தட்டுகளைச் சாய்த்துச் சாய்த்து ஒளியழுத்தத்தாலேயே வழிநடத்த வேண்டும்.

இத்தனையும் செய்தால் பனிக்கு என்ன மிச்சமாகும்? ஜூனில் துருவத்தின் உச்சி வளிமண்டலத்தில் விழும் வெயில், நாள் முழுக்கக் கணக்கிட்டால், சதுர மீட்டருக்குச் சுமார் 520 வாட், நிலநடுக்கோட்டைவிட அதிகம். ஒரு சதவீதம் என்றால் 5 வாட். மேகம் பாதியைத் தடுக்கும், உருகும் பனி வந்ததில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும், ஆக மிஞ்சுவது ஒரு வாட். மூன்று மாதத்துக்கு அந்த ஒரு வாட் உருக்கக்கூடிய பனி இரண்டரை சென்டிமீட்டர் கனம். அவ்வளவுதான் நேரடி லாபம். இதைப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு மனசு கனத்தது. ஏனென்றால் இழப்பு அவ்வளவு பெரிது: 1980களில் ஆர்க்டிக்கின் செப்டம்பர் கடல் பனி சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர், 2012இல் 34 லட்சம்.

மறைமுக லாபம் இதைவிடப் பெரிது. புதுப் பனி வெயிலில் எண்பது சதவீதத்துக்கு மேல் திருப்பியனுப்பும், திறந்த கடல் ஆறு சதவீதம்தான். ஆகவே பிழைத்த ஒவ்வொரு துண்டும் இன்னொரு துண்டைக் காப்பாற்றும். பூமி முழுதும் சற்றுக் குளிர்ந்தால் தெற்கிலிருந்து வடக்கே போகும் வெப்பமும் குறையும். ஆனாலும் கணினி மாதிரிகளில் ஒளியைச் சீராகக் குறைக்கும்போது வெப்பமண்டலம் தேவைக்கு மேல் குளிர்கிறது, துருவங்கள் தேவைக்குக் குறைவாகவே குளிர்கின்றன. கார்பன் டையாக்சைடு துருவ இரவிலும் வேலை செய்கிறது, இரவில் குடைக்கு என்ன வேலை? மேற்கு அண்டார்டிகாவின் த்வைட்ஸ் பனியாறு கீழிருந்து, ஆழ்கடலின் வெதுவெதுப்பான நீரால் கரைகிறது. மேலே பிடிக்கும் குடை அந்த நீரைச் சீக்கிரம் எட்டாது.

கணக்கில் பலர் விட்டுவிடும் வரி பராமரிப்பு. ஏஞ்சல் தன் தட்டுகளுக்கு நினைத்த ஆயுள் ஐம்பது வருடம். 2 கோடி டன்னை ஐம்பதால் வகுத்தால் வருடத்துக்கு 4 லட்சம் டன், அதாவது இருப்பதை அப்படியே வைத்திருக்க மட்டும் வருடந்தோறும் தொள்ளாயிரத்துச் சொச்சம் விண்வெளி நிலையங்களின் எடை மேலே போக வேண்டும். போர், கடன், ஆட்சி மாற்றம் என்று எதற்காகவாவது அது நின்று குடை சிதறிப்போனால், இடையில் நாம் புகையைக் குறைக்காமல் இருந்திருந்தால், அதுவரை அமுக்கி வைத்த சூடு ஓரிரு பத்தாண்டுகளுக்குள் திரும்பி வந்துவிடும். அந்த வரியையும் உங்கள் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.