பிரெட் மெஷினில் ரொட்டி நடுவில் குழிகிறதா? குமரி வெக்கைக்கு ஏற்ற அளவும் முறையும்

ரொட்டி குடைபோல உப்பி வந்து, வேகும் நேரத்தில் நடு மட்டும் குழிந்துபோனால் மெஷினைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் தண்ணீரின் சூடுதான் காரணம். கையேட்டில் 'வெதுவெதுப்பான தண்ணீர்' என்று போட்டிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். அது குளிரடிக்கும் ஊருக்கு எழுதியது. சித்திரை மாதத்தில் நாகர்கோவிலிலோ குளச்சலிலோ அடுக்களையில் இருக்கும் மாவே 30 டிகிரிக்கு மேல் இருக்கும். பிசைகிற உராய்வில் இன்னும் சில டிகிரி ஏறும். ஈஸ்ட் அவசரப்பட்டு, மெஷின் சூடேறுவதற்கு முன்பே மாவைப் பொங்க வைத்துவிடும். மெஷின் நேரம் பார்த்துதான் ஓடும், மாவு பொங்கிவிட்டதா என்று பார்க்காது. அதற்குள் காற்றறைகளின் சுவர் மெலிந்து, சூடு பட்டதும் அமுங்கிவிடும்.

அளவு இது: மைதா 400 கிராம், ஃப்ரிட்ஜில் வைத்த தண்ணீர் 240 மில்லி, உப்பு 7 கிராம், சர்க்கரை 15 கிராம், எண்ணெய் 20 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம் (தட்டையாக ஒரு டீஸ்பூன்). கையேடு ஒன்றரை டீஸ்பூன் ஈஸ்ட் கேட்டாலும் இங்கே ஒன்று போதும். கப்பால் அளக்காதீர்கள். ஒரே கப்பில் தளர்வாக அள்ளினால் 120 கிராம், அமுக்கி அள்ளினால் 150 கிராம் வரை வரும். பிரெட் இம்ப்ரூவர் வாங்கும் காசுக்கு ஒரு டிஜிட்டல் தராசு வாங்கலாம்.

பிளேடை மாட்டிவிட்டு முதலில் தண்ணீரும் எண்ணெயும், அப்புறம் உப்பு, சர்க்கரை, மேலே மாவு. மாவின் நடுவில் சிறு குழி பறித்து அதில் ஈஸ்ட். சில மெஷின்களில் ஈஸ்டைத்தான் முதலில் போடச் சொல்வார்கள், அங்கே கையேட்டின்படியே செய்யுங்கள். தேங்காய் எண்ணெய் குளிர்ந்த தண்ணீரில் வெள்ளையாக உறைந்து மிதந்தால் பயப்பட வேண்டாம், பிசையும்போது கலந்துவிடும். பேசிக் புரோகிராமில் வையுங்கள். ரேப்பிட் வேண்டாம். அதற்கு ஈஸ்ட் கூட்ட வேண்டும், ருசியும் வராது.

அடுத்து வருவதுதான் பலருக்கும் தப்பிப்போகிற இடம். பிசையத் தொடங்கி 8 நிமிடத்தில் மூடியைத் திறந்து பாருங்கள். திறந்தால் கெட்டுப்போகும் என்று பயப்படுகிறார்கள். பிசையும்போது திறக்கலாம், பொங்கும்போதும் வேகும்போதும்தான் கூடாது. மாவு ஒரே உருண்டையாகச் சுழல வேண்டும், பாத்திரத்தின் சுவரை விட்டு விலகியிருக்க வேண்டும், அடியில் மட்டும் லேசாக ஒட்டலாம். பதம் கேட்டால், பரோட்டா மாவு. விரலால் தொட்டால் ஈரம் தெரியும், விரலோடு வராது. அடியில் குழம்பாகப் பரவிக் கிடந்தால் மாவு ஒரு டேபிள்ஸ்பூன். உருண்டை இரண்டாகப் பிரிந்து டக்கு டக்கென்று முட்டினால் தண்ணீர் ஒரு டீஸ்பூன். ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. அந்த மாதங்களில் மைதா காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். தண்ணீரை 225 மில்லியில் தொடங்குங்கள். அதே ஈரம் ஈஸ்டையும் கொல்லும். பாக்கெட்டை உடைத்ததும் காற்றுப் புகாத குப்பியில் போட்டு ஃப்ரீசரில் வைக்கவும். சந்தேகம் வந்தால் அரை கப் இளஞ்சூடான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சர்க்கரையும் ஒரு டீஸ்பூன் ஈஸ்டும் கலக்குங்கள். பத்து நிமிடத்தில் நுரை எழும்பவில்லையென்றால் குப்பையில்தான்.

கோதுமை மாவு சேர்ப்பதானால் பாதிக்குப் பாதி போதும், தண்ணீர் 270 மில்லி. தேங்காய்ப்பால் ரொட்டிக்கு 100 மில்லி தண்ணீருக்குப் பதில் இரண்டாம் பால் ஊற்றி, எண்ணெயைப் பாதியாக்குங்கள். தலைப்பாலில் கொழுப்பு அதிகம், ரொட்டி கனத்துப்போகும். மட்டிப்பழம் (நம்மூர்ச் சிறு வாழைப்பழம்) போட்டால் வாசனையே தனி. மசித்தது 60 கிராமுக்குத் தண்ணீரில் 45 மில்லி குறைக்கவும், சர்க்கரையைப் பாதியாக்கவும். மட்டியே போதுமான இனிப்பு.

இரவு டைமர் வைத்து விடியலில் எடுக்கலாமா என்றால், இந்த வெக்கையில் பாலும் முட்டையும் சேர்த்த மாவுக்குக் கூடவே கூடாது.

வெந்ததும் பாத்திரத்தில் விட்டுவைத்தால் ஆவி தங்கி அடி ஈரமாகும். பத்து நிமிடத்தில் கம்பித் தட்டில் தட்டிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் கத்தி. பிளேடு ஒட்டிக்கொண்டால் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி வையுங்கள், நெம்பினால் பூச்சு உரிந்துவிடும்.

பின்சேர்க்கை, கரண்ட் பற்றி: பல மெஷின்கள் சில நிமிடம் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரும், எத்தனை நிமிடம் என்று கையேட்டில் இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் மாவை வெளியே எடுத்து, பிளேடைக் கழற்றிவிட்டு, மெஷினின் பாத்திரத்திலேயே திரும்ப வைத்துப் பொங்க விடுங்கள். கரண்ட் வந்ததும் மெஷினின் 'பேக்' புரோகிராமில் மட்டும் வேகவைக்கலாம்.