சென்னை மின்சார ரயிலில் முதல்முறை ஏறுகிறீர்களா? டிக்கெட் முதல் பார்க் ஸ்டேஷனில் வண்டி மாறுவது வரை

வேலைக்கோ படிப்புக்கோ சென்னைக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர், முதல் ஒன்றிரண்டு மாதம் ஆட்டோவுக்கும் பைக் டாக்சிக்கும் அழுதுகொண்டிருப்பார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே மின்சார ரயில் ஓடும். ஏன் ஏறவில்லை என்று கேட்டால், "எந்த வண்டி எங்க போகுதுன்னே புரியல" என்பார்கள். நியாயமான தயக்கம்தான். டிக்கெட் எடுப்பது சுலபம். சறுக்குகிற இடம் வேறு. வருகிற வண்டி எந்தப் பக்கம் போகிறது, எதுவரை போகிறது, நம் ஸ்டேஷனில் நிற்குமா என்ற மூன்றும்தான் புதியவர்களைக் குழப்புகின்றன. அதனால் இந்தப் பதிவில் அதற்கே அதிக இடம்.

படி 1: தடங்களை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்

சென்னையில் மின்சார ரயில் தடங்கள் நான்கு.

தெற்கே போவது பீச் – தாம்பரம் – செங்கல்பட்டு தடம். நுங்கம்பாக்கம், மாம்பலம், கிண்டி, பல்லாவரம், குரோம்பேட்டை, கூடுவாஞ்சேரி எல்லாம் இதில்தான் வரும். பீச்சிலிருந்து செங்கல்பட்டு சுமார் 60 கி.மீ. சில வண்டிகள் அதையும் தாண்டி காஞ்சிபுரம், திருமால்பூர் பக்கம் போகும். சென்னையில் மின்சார ரயில் முதலில் ஓடியது இந்தத் தடத்தில்தான், 1931-ல். அப்போது மீட்டர் கேஜ் பாதை. அந்தப் பழைய வண்டிகள் 2004 வரை தாம்பரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தன.

மேற்கே பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணம் போகும் தடம். வடக்கே திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டி போகும் தடம். வடக்கு வண்டிகளில் சில ஆந்திர எல்லையைத் தாண்டி சூலூர்பேட்டை வரை போகும். இந்த இரண்டு தடங்களுக்கும் முக்கியமான புறப்பாட்டு இடம் சென்ட்ரலை ஒட்டியுள்ள மூர் மார்க்கெட் வளாகம். ஒரு சில வண்டிகள் பீச்சிலிருந்தும் கிளம்பும். ஆகவே பீச்சில் நிற்கிற வண்டியெல்லாம் தாம்பரம் வண்டி என்று நினைத்து ஏறிவிடாதீர்கள்.

நான்காவது, பறக்கும் ரயில். சேப்பாக்கம், மயிலாப்பூர் வழியாக வேளச்சேரி போவது. பெரும்பகுதி மேம்பாலத்தில் ஓடுவதால் இந்தப் பெயர். 1995-ல் தொடங்கி, 2007-ல்தான் வேளச்சேரியைத் தொட்டது.

பெயர்ப் பலகையில் ஒரு சின்ன சிக்கல் உண்டு. ஊரார் பீச், பார்க், ஃபோர்ட் என்பார்கள். தமிழ்ப் பலகையிலும் அறிவிப்பிலும் சென்னை கடற்கரை, சென்னை பூங்கா, சென்னை கோட்டை என்று வரும். செயின்ட் தாமஸ் மவுண்ட் என்றால் பரங்கிமலை. இரண்டு பெயர்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: மெரினாவுக்குப் போக பீச் ஸ்டேஷனில் இறங்காதீர்கள். அது ராஜாஜி சாலையில், துறைமுகத்துக்கு எதிரே, பர்மா பஜார் பக்கத்தில் இருக்கிறது. மணலில் கால் வைக்க வேண்டுமென்றால் பறக்கும் ரயிலில் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் மூன்றில் ஒன்றில் இறங்குங்கள்.

படி 2: டிக்கெட்

இரண்டாம் வகுப்பில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். பீச்சிலிருந்து தாம்பரம் வரை போனாலும் 10 ரூபாய்தான். ஒரு டீ விலைகூட இல்லை.

கவுன்டரில் கேட்பது பழைய வழி. "ஒரு தாம்பரம்" என்றால் போதும். திரும்பி வருவதற்கும் சேர்த்து வேண்டுமென்றால் "ரிட்டர்ன்" என்று சொல்லுங்கள். காலை 8 மணிக்கு வரிசை நீளமாக இருக்கும், சில்லறையும் கேட்பார்கள். பக்கத்திலேயே தானியங்கி இயந்திரம் இருக்கும். திரையில் ஊரைத் தொட்டு, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து யூபிஐ-யில் பணம் கட்டலாம். பல நிலையங்களில் அந்த இயந்திரத்தின் அருகே ஒருவர் உட்கார்ந்து டிக்கெட் எடுத்துக் கொடுப்பார்.

போனில் எடுப்பதாக இருந்தால் ரயில்ஒன் செயலி. முன்பு எல்லோரும் யூடிஎஸ் செயலியில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2025 ஜூலையில் ரயில்ஒன் வந்தது. போனில் எடுப்பதில் புதியவர்கள் மாட்டிக்கொள்கிற விஷயம் ஒன்று: ஸ்டேஷனுக்குள் வந்தபிறகோ வண்டியில் ஏறியபிறகோ சாதாரண முறையில் டிக்கெட் எடுக்க முடியாது. ஜிபிஎஸ் பார்த்து செயலியே மறுத்துவிடும். செக்கரைப் பார்த்ததும் எடுத்துத் தப்பிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்துவிடுங்கள். மறந்துவிட்டால், ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடைச் செயலியில் ஸ்கேன் செய்தால் எடுக்கலாம். காட்டும்போது செயலியைத் திறந்து டிக்கெட்டைக் காட்டுங்கள், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. போனில் சார்ஜ் போய்விட்டது என்றாலும் டிக்கெட் இல்லாத கணக்குதான்.

டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். மெட்ரோ டிக்கெட் இங்கே செல்லாது, அது வேறு நிர்வாகம்.

படி 3: சரியான வண்டியைக் கண்டுபிடிப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும்.

முதலில் பக்கம். தெற்குத் தடத்தில் எந்த ஸ்டேஷனில் நின்றாலும் இரண்டே திசை: பீச் பக்கம், தாம்பரம் பக்கம். நடைமேடைக்குப் போகும் படிக்கட்டிலேயே எழுதிப் போட்டிருப்பார்கள். உங்கள் ஊர் நீங்கள் நிற்கும் இடத்துக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் முடிவு செய்துகொண்டு இறங்குங்கள். நடைமேடைக்கு வந்தபிறகு யோசித்தால், எதிர்ப்பக்கம் வண்டி வந்து போவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

அடுத்தது, வண்டி எதுவரை. வண்டியின் முகப்பில், ஓட்டுநர் கண்ணாடிக்கு மேலே, கடைசி ஸ்டேஷன் பெயர் மாறி மாறி மூன்று மொழிகளில் ஒளிரும். நீங்கள் கூடுவாஞ்சேரி போகிறவர் என்றால் தாம்பரம் என்று போட்ட வண்டி பாதி வழியில் முடிந்துவிடும். குரோம்பேட்டை போகிறவருக்குத் தாம்பரம் வண்டியும் சரி, செங்கல்பட்டு வண்டியும் சரி. மேற்குத் தடத்திலும் இதே கதை. ஆவடியோடு முடிகிற வண்டி, திருவள்ளூரோடு முடிகிற வண்டி, அரக்கோணம் வரை போகிற வண்டி என்று தனித்தனியாக உண்டு.

மூன்றாவது, எங்கெல்லாம் நிற்கும். சாதாரண வண்டி எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். ஃபாஸ்ட் வண்டி எழும்பூர், மாம்பலம் மாதிரி பெரிய இடங்களில் நின்றுவிட்டு, சேத்துப்பட்டு, பழவந்தாங்கல் போன்றவற்றை விட்டுவிட்டுப் போகும். எங்கெங்கே நிற்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதோடு, ஃபாஸ்ட் வண்டி எக்ஸ்பிரஸ் போகிற பாதையில் வருவதால் வழக்கமான நடைமேடைக்கு வராமல் பக்கத்து நடைமேடைக்கு வரும். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஒலிபெருக்கி தொடங்கியதும் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிடுங்கள்.

பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "இது தாம்பரம் போகுமா?" என்று கேட்டால் "போகும்" என்பார், அவர் சொன்னது பொய்யும் இல்லை. நீங்கள் பழவந்தாங்கலில் இறங்க வேண்டியவராக இருந்தால் வண்டி உங்களைப் பரங்கிமலையைத் தாண்டி நேரே கூட்டிக்கொண்டு போய்விடும். "அண்ணா, இது பழவந்தாங்கல் நிக்குமா?" என்று கேளுங்கள்.

ஏசி மின்சார ரயில் தனி. 2025 ஏப்ரலில் பீச் – செங்கல்பட்டு தடத்தில் விட்டார்கள். குறைந்தபட்சம் 35 ரூபாய், அதிகபட்சம் 105 ரூபாய். சாதாரண டிக்கெட்டோடு அதில் ஏறக் கூடாது. கதவு தானாக மூடும், ஓடிவந்து தொற்றுகிற வேலை அதில் நடக்காது.

படி 4: எந்தப் பெட்டி

பெண்களுக்குத் தனிப் பெட்டி, முதல் வகுப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான இடம், பூக்கூடையும் மீன்கூடையும் ஏற்றுகிற வியாபாரிகள் பெட்டி என்று ஒவ்வொரு வண்டியிலும் உண்டு. பெட்டியின் மேல் எழுதியிருக்கும். கூட்ட நேரத்தில் ஒரு பெட்டி மட்டும் காற்றோட்டமாகக் காலியாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் அது முதல் வகுப்பாக இருக்கும். கட்டணம் பல மடங்கு. செக்கர்களும் அங்கேதான் அடிக்கடி வருவார்கள்.

காலையில் பீச் பக்கமும் மாலையில் தாம்பரம் பக்கமும் கூட்டம் பிதுங்கும். தாம்பரத்தில் ஏறுகிறவர்களுக்கு ஒரு யோசனை: செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி நிரம்பித்தான் வரும். தாம்பரத்திலிருந்தே கிளம்புகிற வண்டிக்கு ஐந்து நிமிடம் காத்திருந்தால் உட்கார்ந்துகொண்டு போகலாம்.

படி 5: ஏறுவது, இறங்குவது

வண்டி நிற்பது அரை நிமிடம் அளவுக்குத்தான். இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு ஏறுங்கள். இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு ஒரு ஸ்டேஷன் முன்பே கதவுப் பக்கம் நகர ஆரம்பித்துவிடுங்கள். முன்னால் நிற்பவரிடம் "அடுத்தது இறங்குறீங்களா?" என்று கேட்டால், இறங்காதவர் தானே ஒதுங்கி இடம் கொடுப்பார்.

படியில் தொங்காதீர்கள். ரயில்வே சட்டப்படியும் அது குற்றம். அதைவிட மோசம், மேம்பாலம் ஏறச் சோம்பல்பட்டு தண்டவாளத்தைக் கடப்பது. இதற்கு 1,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். உள்பாதையில் எக்ஸ்பிரஸ் வண்டிகள் நிற்காமல் பறக்கும், சத்தம் கேட்பதற்குள் வந்துவிடும்.

படி 6: பார்க்கில் மாறுவது

ஒரு உதாரணத்தோடு பார்த்துவிடலாம். கோடம்பாக்கத்தில் தங்கியிருக்கிறீர்கள், அம்பத்தூரில் வேலை.

கோடம்பாக்கத்திலிருந்து அம்பத்தூருக்கு ஒரே டிக்கெட்டாகக் கேளுங்கள். பீச் பக்கம் போகும் வண்டியில் ஏறுங்கள். நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர், அடுத்தது பார்க். இறங்கி வெளியே வந்தால் சாலைக்கு அந்தப் பக்கம் சென்ட்ரலின் சிவப்புக் கட்டடமும் மணிக்கூண்டும் தெரியும். சாலையைக் குறுக்கே ஓடிக் கடக்க வேண்டாம், சுரங்கப்பாதை இருக்கிறது. மேலே ஏறியதும் சென்ட்ரலுக்குள் நுழையாமல் அதற்கு இடது பக்கம் வாருங்கள். வெள்ளை நிற ரிப்பன் மாளிகைக்கும் சென்ட்ரலுக்கும் நடுவே இருப்பது மூர் மார்க்கெட் வளாகம். பழைய மூர் மார்க்கெட் 1985-ல் தீப்பிடித்து எரிந்துபோனது, அந்த இடத்தில் எழுந்த கட்டடம் இது.

உள்ளே மின்னணுப் பலகையில் ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் மூன்றில் எது முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறுங்கள், மூன்றும் அம்பத்தூர் வழிதான். ஃபாஸ்ட் என்று போட்டிருந்தால் மட்டும் அம்பத்தூரில் நிற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை என்று போட்ட வண்டியில் ஏறினால் பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் வடக்கே திரும்பிவிடும். மாறுவதற்குக் கால் மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பறக்கும் ரயிலுக்கு மாற வேண்டுமென்றால் பார்க்கை ஒட்டியே பார்க் டவுன் ஸ்டேஷன் இருக்கிறது. மெட்ரோவுக்கு மாற எழும்பூர், கிண்டி, பரங்கிமலை வசதி. விமான நிலையத்துக்குத் திரிசூலத்தில் இறங்கினால் ஜி.எஸ்.டி. சாலைக்கு எதிர்ப்புறம்தான்.

தினமும் போகிறவர்களுக்கு

சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள். ஒரு மாத சீசன் விலை ஏறக்குறைய 15 ஒருவழிப் பயணங்களின் கட்டணம். அதாவது தினமும் போய்வந்தால் எட்டாவது நாளிலிருந்து லாபம். மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் 2.7 மாதக் காசுதான். ஆதார் போன்ற ஓர் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். செயலியிலேயே எடுக்கலாம், புதுப்பிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கால அட்டவணை வேறு, வண்டிகள் குறைவு. தண்டவாளப் பராமரிப்புக்காகச் சில வண்டிகளை ரத்து செய்வதும் பெரும்பாலும் வார இறுதியில்தான். அன்று நேர்முகத் தேர்வு, ஊருக்குப் போகும் வண்டி என்று ஏதாவது இருந்தால் முந்தின நாளே செய்தியைப் பார்த்துவிடுங்கள்.

பையை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டால் உடனே 139-க்கு அழையுங்கள், இல்லையென்றால் அந்த ஸ்டேஷனிலேயே ரயில்வே போலீசைப் பாருங்கள். வண்டி எண் கேட்பார்கள். சென்னை மின்சார ரயில்களுக்கு 4-ல் தொடங்கும் ஐந்து இலக்க எண் இருக்கும். அது தெரியாவிட்டால் ஏறிய ஸ்டேஷன், இறங்கிய நேரம், எத்தனையாவது பெட்டி, இவற்றைச் சொன்னால் அடுத்த ஸ்டேஷனில் பார்க்கச் சொல்வார்கள்.