கொறங்காட்டில் கோழி மேய்ச்சல்: எதைத் தின்ன விடலாம், எதற்குக் காவல் வேண்டும்

தாராபுரம் பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் கொறங்காடு. அதை ஒட்டி, கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் தென்னையும் மக்காச்சோளமும். கொறங்காடு தெரியாதவர்களுக்கு: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரங்கள். மாடும் செம்மறியும் மேய்வதற்கென்றே கொங்குப் பக்கம் விட்டு வைத்திருக்கும் மானாவாரி நிலம். எங்கள் சிறுவிடை நாட்டுக்கோழிகள் 26, சேவல் 3. காலை ஏழு மணிக்கு, இரவில் கோழி அடையும் கொடாப்பைத் திறந்தால் பொழுது சாயும் வரை அந்தக் காட்டில்தான் திரியும். 11 வருடமாக அவற்றின் பின்னாலேயே நடந்து பார்த்து வைத்ததை எழுதுகிறேன்.

புதிதாகக் கோழி வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "அக்கா, இந்தச் செடியைத் தின்றால் ஒன்றும் ஆகாதா?" என்றுதான். செடியைத் தின்று செத்த கோழி ஒன்றுகூட எங்கள் காட்டில் கிடையாது. செத்தவை எல்லாம் நாங்கள் கொண்டுவந்து போட்டதைத் தின்று செத்தவை. அதனால் செடியை விட, உங்கள் கையிலிருந்து விழுவதைத்தான் அதிகம் கவனிக்கச் சொல்வேன்.

முதலில் நல்ல சாப்பாடு. ஆடி, ஆவணியில் ஒரு கோழியின் பின்னால் அரை மணி நேரம் போய்ப் பாருங்கள். கொழுக்கட்டைப்புல்லின் கதிரை அலகால் உருவி விதையை மட்டும் எடுக்கும். அருகம்புல்லின் நுனியைக் கிள்ளும். குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, பருப்புக்கீரை எதையும் விடாது. மாடு போட்ட சாணத்தைக் காலால் கிளறி, செரிக்காமல் வந்த சோளத்தையும் அடியில் நெளியும் புழுவையும் பொறுக்கும். வெட்டுக்கிளியைத் துரத்திப் போகும்போது அந்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும், கழுத்தை நீட்டிக்கொண்டு இறக்கையை விரித்துக்கொண்டு போகும். சின்ன எலிக்குஞ்சு, பல்லி, பூரான் கிடைத்தாலும் தரையில் அடித்து அடித்துத் தின்றுவிடும். இதெல்லாம் பயப்பட வேண்டியதே இல்லை. பச்சையைத் தின்னும் கோழியின் முட்டைக்கருதான் ஆரஞ்சு நிறமாக இருக்கும், நிறம் அந்தக் கீரையிலிருந்துதான் வருகிறது.

முதல் மழை பெய்த மறுநாள் ஈசல் கிளம்பும் பாருங்கள், அன்றைக்குச் சாயங்காலம் தீனி வைத்தால் ஒன்றும் திரும்பிக்கூடப் பார்க்காது. கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை ஒரு பக்கமாகப் புடைத்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி வரும். ஈசல் கரையானுக்குத்தானே இறக்கை முளைத்த உருவம். மழை இல்லாத மாதத்தில் அந்தக் கரையானையே நாம் பிடித்துக் கொடுக்கலாம். பழைய மண்பானை ஒன்றில் கிழிந்த கோணிச்சாக்கு, காய்ந்த சாணம், சோளத்தட்டைத் துண்டு இவற்றை அடைத்து, தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் மண்ணில் வாயைக் கவிழ்த்துப் பொழுது சாய வைத்துவிட வேண்டும். விடிந்ததும் வெயில் ஏறுவதற்குள் எடுத்துத் தட்டினால் வெள்ளை வெள்ளையாகக் கொட்டும். இளங்குஞ்சுக்கு இதைவிட நல்ல தீனி நான் பார்த்ததில்லை. வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், பிறகு நிலைக்கதவை அரித்துவிட்டது என்று வருத்தப்படக் கூடாது.

பங்குனி, சித்திரையில் காடு வெந்து போகும். அப்போது நான் நம்புவது முருங்கைக்கீரையையும், தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற சிறு செடியையும். முருங்கைக் கொப்பை ஒரு கட்டாகக் கட்டிக் கோழியின் தலை உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். தரையில் போட்டால் மிதித்துப் பாதி வீணாகும். அசோலாவைத் தொட்டியிலிருந்து அள்ளியதும் சாண வாடை போகும் வரை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிக் கொடுக்க வேண்டும். அகத்தியை ஆட்டுக்கு மட்டும்தான் ஒடிப்பேன். கோழிக்கு அது ஒத்துவருவதில்லை, குஞ்சுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சவுண்டல் (சூபாபுல்) இலையும் அப்படித்தான், அதிகமானால் முட்டை குறையும்.

சரி, விஷச் செடிகள். எங்கள் வேலியோரத்தில் எருக்கு இருக்கிறது, ஊமத்தை இருக்கிறது, உண்ணிச்செடி, பார்த்தீனியம் எல்லாம் இருக்கின்றன. கோழி அவற்றின் நிழலில் மண் குளிக்கும், இலையைத் தொடாது. ஆனால் இது வயிறு நிறைய வேறு தீனி கிடைக்கும் கோழிக்குத்தான் பொருந்தும். வலைக்குள் அடைத்து வைத்த கோழி பசியில் எதையும் கொத்தும், குஞ்சுக்கோ எதைத் தின்பது எதை விடுவது என்று இன்னும் தெரியாது. அதனால் அடைப்புக்குள் இருக்கும் எருக்கு, ஊமத்தை, அரளி எல்லாவற்றையும் வேரோடு எடுத்துவிடுங்கள். ஆமணக்கும் குன்றிமணியும் மட்டும் எங்கே இருந்தாலும் வெட்டுகிறேன். இவற்றின் விஷம் விதையில் இருக்கிறது, விதையோ தானியம் போலத் தரையில் சிதறும். காய் வெடிப்பதற்கு முன்னால் வெட்ட வேண்டும்.

ஆமணக்குச் செடியை வெட்டுகிறவர்கள் ஆமணக்குப் புண்ணாக்கை மறந்துவிடுகிறார்கள். தென்னைக்கு உரமாக வாங்கி வட்டப்பாத்தியில் தூவுவோம். கோழி முதலில் கிளறப் போகும் இடமே அந்த ஈரமான பாத்திதான். எண்ணெய் எடுத்த பிறகும் அதில் விஷம் இருக்கும். போட்டால் மண்ணில் ஆழமாகக் கொத்தி மூடி, தண்ணீர் பாய்ச்சி, கோழியை அந்தப் பக்கம் விடாமல் இருங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மக்காச்சோளம் ஊன்றிய அன்று, மருந்து கலந்த இளஞ்சிவப்பு விதை பையின் அடியில் இரண்டு கைப்பிடி மீந்தது. பையை வரப்பில் உதறிவிட்டு வந்தேன். மறுநாள் காலை நாலு கோழி, அதில் ஒன்று முட்டை வைக்க ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகாத வெடக்கோழி, வரப்போரம் காலை நீட்டிக் கிடந்தன. ஒன்றின் தீனிப்பையை அறுத்துப் பார்த்தேன். சிவப்பு முத்துகள் அப்படியே இருந்தன, சாயம் மட்டும் கொஞ்சம் கரைந்திருந்தது. என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) அன்றைக்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. "மருந்துன்னு ஒண்ணு காட்டுக்குள்ள வந்துட்டா கோழிய அடைச்சுப் போடோணும் கண்ணு" என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து மீந்த விதையைக் குழி தோண்டிப் புதைக்கிறேன். வெள்ளாமைக்கு மருந்து அடித்தால், பக்கத்துத் தோட்டத்தில் அடித்தாலும், குறைந்தது 10 நாள் அடைத்து வைத்துத் தீனி போடுகிறேன். பயிருக்கு இடும் குருணை மருந்து இன்னும் மோசம். கோழி அதைச் சிறுகல் என்று நினைத்துப் பொறுக்கும். எலி மருந்தும் வேண்டாம், மருந்து தின்று செத்த எலியைக் கோழி விடாது.

செத்த எலி என்றதும் இன்னொன்று. கோழி புழு தின்றால் நல்லதுதானே என்று அழுகிய பிணத்தின் மேல் நெளியும் புழுவைத் தின்ன விடாதீர்கள். அழுகும் உடலில் உண்டாகும் ஒரு விஷம் அந்தப் புழுவின் உடம்பில் சேர்ந்திருக்கும். புழுவுக்கு ஒன்றும் ஆகாது, தின்ற கோழிக்குக் கால் துவண்டு, இறக்கை துவண்டு, கடைசியில் கழுத்தைத் தூக்க முடியாமல் அலகு தரையில் கிடக்கும். செத்த நாய், கோழி, எலி எதுவானாலும் அன்றைக்கே ஆழமாகப் புதைத்துவிட வேண்டும்.

சமையலறைக் கழிவில் நான் பார்ப்பது இரண்டுதான்: உப்பு, பூஞ்சணம். கருவாட்டுத் தலை, ஊறுகாய், அப்பளம், மீந்த குழம்பு இவை கோழிக்கு ஆகாது. உப்பு கோழியைச் சீக்கிரம் வீழ்த்தும். பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் "கோழிக்குத்தானே" என்று போடும் பழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் 1,00,000க்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தது இப்படிப் பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கால்தான். அஃப்ளடாக்சின் என்ற நஞ்சையே உலகம் அதற்குப் பிறகுதான் கண்டுபிடித்தது. வெயிலில் காயவைத்தாலும் கழுவினாலும் அந்த நஞ்சு போகாது. எருக்குழியிலும் போடாதீர்கள், கோழி அங்கேயும் போகும். மற்றபடி பழைய சோறு, தக்காளிப்பழம், பூசணி, தர்ப்பூசணித் தோல், பப்பாளி எல்லாம் தாராளமாகப் போடலாம். பச்சையேறிய உருளைக்கிழங்கு, வேகாத மொச்சை, ராஜ்மா, பச்சை மரவள்ளித் தோல் மட்டும் வேண்டாம்.

மேய்ச்சல் மட்டும் போதுமா என்றால், போதாது. அடைத்து வளர்க்கும் பெரிய கோழி ஒரு நாளைக்கு 80 முதல் 100 கிராம் வரை தின்னும். மேயும் கோழிக்கு நான் மாலையில் ஒரு கைப்பிடி, சுமார் 40 கிராம், கம்பும் உடைத்த சோளமும் தவிடும் கலந்து போடுகிறேன். காலையில் போட்டால் வாசலிலேயே நிற்கும், மேயப் போகாது. மாலையில் "ப்பா... ப்பா..." என்று கூப்பிட்டுப் போட்டால் எண்ணிப் பார்க்கவும் முடியும், கொடாப்பிலும் தானாக அடையும். முட்டை வைக்கும் கோழிக்குக் கிளிஞ்சல் தூள் தனிச் சட்டியில் எப்போதும் இருக்கட்டும். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் போகிறது, புல்லும் பூச்சியும் அதைக் கொடுக்காது.

கோழிக்குப் பல் கிடையாது, அதன் அரைவைப்பைதான் அம்மி. கோழி அறுக்கும் நாளில் அதை வீசாமல் பிளந்து பாருங்கள். போன தீபாவளிக்கு நான் பிளந்ததில் உள்ளே மஞ்சள் தோல், அதற்குள் கடுகளவிலிருந்து பட்டாணி அளவு வரை சிறுகற்கள், வண்டின் கறுப்பு இறக்கை ஓடு, புல்விதை, கூடவே ஒரு பச்சை வளையல் துண்டு. உடைந்த வளையல்தான், ஆனால் விளிம்பெல்லாம் மழுங்கிக் கூழாங்கல் போல ஆகியிருந்தது. கண்ணாடியையே மழுக்கும் அந்தப் பையிலும் சாக்கு தைக்கும் நைலான் நூல் அரைபடாது. தீனிச்சாக்கைப் பிரிக்கும்போது நூலை இழுத்து அங்கேயே போட்டுவிடுவோம், கோழி புழு என்று விழுங்கிவிடும், புல்லோடு சிக்கிப் பந்தாகித் தீனிப்பையை அடைத்துக்கொள்ளும். நான் நூலைச் சுருட்டி அடுப்பில் போட்டுவிட்டுத்தான் சாக்கைத் திறப்பேன்.

அடையும் நேரத்தில் ஒவ்வொரு கோழியின் கழுத்தடியையும் தொட்டுப் பாருங்கள். வலப் பக்கமாகத் தீனிப்பை எலுமிச்சம்பழம் போல நிறைந்து, அழுத்தினால் உள்ளே தானியம் நகர வேண்டும். விடிந்து கொடாப்பைத் திறக்கும்போது அதே பை காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல்லாக இருந்தால் கோழியைத் தனியே பிரித்து, தீனியை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்து, பையை விரலால் மெல்ல மெல்லப் பிசைந்துவிடுங்கள். மறுநாளும் இளகவில்லை என்றால் கூடையில் போட்டுக் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப் போய்விட வேண்டும்.