விண்ணார்: அறிபுனைக் கதைக்கு ஒரு புதுப்பொருள் செய்து பார்ப்போம்

அறிபுனை எழுதத் தொடங்குகிற பலர் முதல் கதையிலேயே ஒரு உலோகத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அது உடையாது, உருகாது, துருப்பிடிக்காது, பாரமும் இருக்காது. நானும் கண்டுபிடித்தேன். நாலாம் பக்கத்தில் கதை நின்றுவிட்டது. எதுவுமே உடையாத ஊரில் யாருக்கு என்ன பிரச்சினை வரும்?

அதற்குப் பிறகு பழகிக்கொண்ட வழியைத்தான், ஒரே ஒரு பொருளைச் செய்தபடியே சொல்லப்போகிறேன். பூமிக்கும் விண்வெளிக்கும் இடையே கட்டுகிற ஒரு கயிறு. கொப்பியும் பென்சிலும் போதும்.

படி 1: வளவுக்குள் இருந்து தொடங்குங்கள்

புதுப்பொருளை ஆய்வுகூடத்தில் தேடாதீர்கள், கைபட்டுப் பழகிய ஒன்றில் தேடுங்கள். எனக்கு அகப்பட்டது பட்டத்தின் விண்.

வாடைக்காற்று தொடங்கினால் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பட்டக்காலம். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நிற்க இடம் கிடைக்காது. பட்டத்தின் தலைப்பக்கம் வில்லு மாதிரி வளைத்து, நாடா இழுத்துக் கட்டியிருப்பார்கள், அதுதான் விண். காற்றுப் பட்டதும் கூவும். பட்டத்தை இறக்காமல் மரத்தில் கட்டிவிட்டுப் படுத்தால் விடிய விடியக் கேட்கும். காற்று ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாயில் கிடந்தபடியே சொல்லிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

இதில் இருந்து ஒரே ஒரு குணத்தை எடுக்கிறோம்: இழுவை கூடினால் சத்தம் மாறுகிற கயிறு. இது கற்பனையும் இல்லை. வீணையின் பிரடையைத் திருகும்போது நடப்பதுதான். நீளம் மாறாத தந்தியில் இழுவிசை 4 மடங்கானால் அதிர்வெண் 2 மடங்காகும், சுருதி ஒரு ஸ்தாயி ஏறும்.

ஒரு பொருளுக்கு ஒரு வரம் போதும். இரண்டாவது வரம் கொடுக்கக் கை துருதுருக்கும். கொடுக்காதீர்கள்.

படி 2: உண்மைப் பொருளோடு வைத்து அளந்து பாருங்கள்

'மிக மிக வலிமையானது' என்று எழுதினால் வாசகருக்கு எதுவும் தெரியாது. கயிற்றுக்கு நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது: எவ்வளவு நீளத்துக்குத் தொங்கவிட்டால் தன் பாரத்திலேயே தான் அறும்? பியானோவுக்குப் போடுகிற வலிய எஃகுக் கம்பி ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் அறுந்துவிடும். யாழ்ப்பாணத்தில் இருந்து பருத்தித்துறைக்குப் போகிற தூரம், அவ்வளவுதான். குண்டு துளைக்காத அங்கிக்குப் போடுகிற கெவ்லார் இழை 250 கிலோமீட்டர் வரை தாங்கும், கொழும்புக்குப் பாதிவழி தாண்டிவிடும்.

நமக்கு வேண்டியதோ புவிநிலைச் சுற்றுப்பாதை, பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் கீழிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரிகிற பாதை. பூமத்திய கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர். மேலே போகப் போக ஈர்ப்புக் குறைகிறது, பூமியின் சுழற்சியும் வெளிப்பக்கம் இழுத்துக் கை கொடுக்கிறது. அப்படியும், ஒரே தடிப்பில் கயிறு விட்டால், மேற்சொன்ன அளவுகோலில் கிட்டத்தட்ட 5,000 கிலோமீட்டர் தாங்குகிற பொருள் வேண்டும். கெவ்லாரைப் போல 20 மடங்கு. 'கெவ்லாரைப் போல 20 மடங்கு' என்று கதையில் ஒரு வரி வந்தால் போதும், வாசகர் நம்பத் தொடங்குவார்.

கயிற்றின் அடியை நெடுந்தீவில் கட்ட எனக்கு ஆசை இருந்தது. ஆனால் நாங்கள் பூமத்திய கோட்டுக்கு 9 பாகைக்கு மேல் வடக்கே இருக்கிறோம், இங்கே கட்டினால் கயிறு தெற்குப் பக்கம் சரிந்து நிற்கும். மனமில்லாமல் அடித்தளத்தைக் கோட்டுக்குப் பக்கத்தில் கடலில் மிதக்கவிட்டேன். வேலைக்குப் போனவர்களை மட்டும் நெடுந்தீவுக்காரர் ஆக்கிக்கொண்டேன்.

படி 3: ஒரு குறை வையுங்கள்

எனக்கு இந்தப் படிதான் முக்கியம். ஒரு நாள் முழுக்க இதற்கே செலவழித்தாலும் நட்டமில்லை.

உண்மைப் பொருட்களைப் பாருங்கள். 1931இல் வெளிவந்த ஏரோஜெல் என்கிற பாரமே தெரியாத திண்மத்தில் 99 சதவீதத்துக்கு மேல் காற்றாகவே இருக்கிற வகைகள் உண்டு. கீழே நெருப்பு எரிந்தாலும் மேலே வைத்த பூ வாடாது. ஆனால் கொஞ்சம் அழுத்தினால் பொரிவிளாங்காய் உதிர்ந்த மாதிரிப் பொடிப்பொடியாகும். அப்படிப்பட்ட பொருளைத்தான் 1999இல் ஏவிய ஸ்டார்டஸ்ட் விண்கலத்தில் வைத்து வால்வெள்ளியின் தூசியைப் பிடித்தார்கள். 2006இல் தூசி பூமிக்கு வந்து சேர்ந்தது. வெள்ளீயம் இன்னொரு கதை. சுத்தமான வெள்ளீயத்தை 13 பாகை செல்சியசுக்குக் கீழே நெடுநாள் வைத்தால் மெல்ல மெல்லச் சாம்பல் தூளாகிவிடும். பொத்தானும் போச்சு, பாத்திரமும் போச்சு.

நம் கயிற்றுக்கு நான் வைத்த குறை இது: அளவுக்கு மீறி ஒருமுறை இழுபட்டால் அந்தத் துண்டின் சுருதி கொஞ்சம் இறங்கிவிடும், பிறகு ஏறாது. ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு குரல். ஒரு துண்டுக்குச் சாதாரணமான சத்தம் பக்கத்துத் துண்டுக்கு அபாயச் சத்தம். எந்தத் துண்டு எப்போது எவ்வளவு அடிபட்டது என்று தெரியாதவருக்குக் கயிறு பேசுவது விளங்காது.

கணினியில் பதிவு இருக்காதா என்று கேட்பீர்கள். இருக்கும். பதிவு அழிந்த அன்றைக்குத்தான் கதை தொடங்குகிறது.

படி 4: அது கிடைக்காவிட்டால் என்ன செய்வார்கள்?

புதுப்பொருள் எங்கே விளைகிறது, யார் விற்கிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அதைவிட, அது வராமல் போனால் ஊர் என்ன செய்யும் என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். இதற்கு நாங்கள் வெளியில் போய்ப் படிக்க வேண்டியதில்லை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது குடாநாட்டில் மோட்டார்சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. பற்றரி இல்லை என்று சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். எந்த ஆய்வுகூடமும் யோசிக்காத பயன்களை ஒரு தட்டுப்பாடு யோசிக்க வைக்கும்.

என் கதையில், கழித்துவிட்ட கயிற்றுத் துண்டுகளைக் கீழே கொண்டுவந்து கிணற்றடியில் துலாக்கயிறாகக் கட்டியிருக்கிறார்கள். வாளி நிரம்பினால் சத்தம் மாறும். கிழவி ஒருத்தி எட்டிப் பார்க்காமலே தண்ணீர் இழுக்கிறாள்.

படி 5: பெயர்

சீக்கிரம் முடியுங்கள். கடைசியில் 'இயம்' ஒட்டிய பெயர் வேண்டாம். உருக்கியது உருக்கு ஆனது போல, செய்கிறவர்கள் வாயில் வருகிற பெயராக இருக்கட்டும். விண், நார், இரண்டையும் சேர்த்தேன்: விண்ணார். பத்து நிமிடம் ஆனது.

படி 6: ஒரு காட்சியில் வைத்துப் பாருங்கள்

முதல் வரைவில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். விண்வெளியில் கயிறு கூவியது, எல்லாரும் கேட்டார்கள். வாசித்துப் பார்த்த பௌதிக ஆசிரியர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: 'அங்கே காற்றை யார் கொண்டுபோனது?' வெற்றிடத்தில் ஒலி வராது. ஆனால் கயிற்றின் அதிர்வு தொட்ட பொருளுக்குள் ஏறும். திருத்தியபோது காட்சி இப்படி வந்தது:

அண்ணை தலைக்கவசத்தைக் கயிற்றில் முட்டக் கொடுத்துக் கண்ணை மூடினார். பெடியனும் முட்டக் கொடுத்தான். மண்டைக்குள் ஒரு இரைச்சல்.

"நல்லாத்தானே இருக்கு அண்ணை?"

"பக்கத்துத் துண்டுக்கு எண்டால் நல்லம். இது போன மாரியிலை இழுபட்டது. இவ்வளவு ஏறக் கூடாது."

"எங்கை எழுதிக் கிடக்கு?"

அவர் பதில் சொல்லாமல் கையால் காட்டினார், கீழே போ என்று.

எழுதி முடித்ததும் பொருளைப் பற்றி விளக்கம் சொல்கிற வரிகளுக்குக் கீழே கோடு போட்டுப் பாருங்கள். காட்சி அவை இல்லாமலே விளங்கினால் வெட்டிவிடுங்கள். எனக்கு 11 வரி போனது. கெவ்லார் வரியை மட்டும் விட்டுவைத்தேன்.