கிளவுட்ஸ்ராக்கில் கம்பியூட் ஓஃபரிங் செய்வது எப்படி?

திருநெல்வேலியில் கணினி வகுப்பொன்று, இரண்டு சேர்வர், அவற்றில் அப்பாச்சி கிளவுட்ஸ்ராக் (சேர்வர்களைப் பல மெய்நிகர் கணினிகளாக, அதாவது மெஷின்களாக, பகிர்ந்து தரும் மென்பொருள்) நிறுவியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். "சேர், எனக்கொரு மெஷின்" என்று ஒவ்வொரு மாணவராக வந்து நிற்கத் தேவையில்லை. கோர் (சிபியுவின் கணிக்கும் அலகு), மெமரி அளவுகளைக் கம்பியூட் ஓஃபரிங்காக, அதாவது ஆயத்த அளவுத் தெரிவாக, செய்து வைத்தால் அவர்களே தெரிவுசெய்து எடுப்பார்கள்.

முதலில் தாளில்

ஓஃபரிங்கின் பெயரையும் விளக்கத்தையும் பிறகும் திருத்தலாம். கோர், மெகாஹேர்ட்ஸ் (கோரின் வேகம்), மெமரி மூன்றையும் திருத்த முடியாது. புதிதாக இன்னொன்றுதான் செய்யவேண்டும். லினக்ஸ் பழகுவோருக்கு 1 கோர், 1024 எம்பி. தரவுத்தளம் ஓட்டுவோருக்கு 2 கோர், 4096 எம்பி. தொடக்கத்துக்கு இந்த இரண்டும் தாராளம்.

படிவம்

அட்மின் கணக்கில் நுழைந்து சேர்விஸ் ஓஃபரிங்ஸ், அதற்குள் கம்பியூட் ஓஃபரிங்ஸ், பிறகு 'அட்' பட்டன். பெயரை 'லினக்ஸ்-1கோர்-1ஜிபி' என்று வையுங்கள். 'சின்னது' என்று வைத்தால் ஆறு மாதத்தில் உங்களுக்கே விளங்காது. வகை: ஃபிக்ஸ்ட், அதாவது அளவுகள் மாறாதது.

அதிகம் பிழை வருகிற இடம் சிபியு மெகாஹேர்ட்ஸ். சேர்வரின் கோர் 2400 மெகாஹேர்ட்ஸ் என்றால், 3000 என்று அடித்தாலும் ஓஃபரிங் உருவாகிவிடும். மாணவர் மெஷின் கேட்கும்போதுதான் 'போதிய கொள்ளளவு இல்லை' என்று மறுக்கும், சேர்வர் வெறுமையாக இருந்தாலும். அந்த வேகமுள்ள கோர் எந்தச் சேர்வரிலும் இல்லை என்பதே காரணம். 1000 போடுங்கள். 8 கோர் சேர்வரில் மொத்தம் 19,200 மெகாஹேர்ட்ஸ். ஓவர்புரொவிஷனிங் (இருப்பதை எத்தனை மடங்காகக் கணக்கிட்டுப் பங்கிடலாம் என்ற எண்) 1 என்றால் சிபியு கணக்கில் 19 மெஷின். சிஸ்ரம் விஎம்களும் (கிளவுட்ஸ்ராக் தன் வேலைக்கே ஓட்டும் மெஷின்கள்) வலையமைப்பைக் கவனிக்கும் ரவுட்டரும் அதிலேயே பங்கெடுப்பதால் கொஞ்சம் குறையும். மெமரி எம்பியில்தான், 2 ஜிபிக்கு 2048.

ஸ்ரோரேஜ் 'லோக்கல்' (சேர்வரின் சொந்த டிஸ்க்) என்றால், அந்த ஸோனில் (சேர்வர்கள் அடங்கிய பெரிய பிரிவு) லோக்கல் ஸ்ரோரேஜை முன்பே இயக்கியிருக்கவேண்டும். ஹெச்ஏ (ஒரு சேர்வர் விழுந்தால் மெஷினை மற்றதில் தானாக ஓடவிடும் வசதி) வேண்டுமானால், சேர்வர்கள் பொதுவாகப் பகிரும் 'ஷெயார்ட்' எடுங்கள். கரண்ட் நின்று இரண்டு சேர்வரும் ஒன்றாக விழுந்தால் ஹெச்ஏயால் ஒன்றும் ஆகாது, அதற்கு யூபிஎஸ்தான்.

'வொலட்டைல்' பெட்டியை விளங்காமல் தொடாதீர்கள். அதை இயக்கினால், கிளவுட்ஸ்ராக்கில் ரீபூட் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் ரூட் டிஸ்க் (ஒஎஸ் இருக்கும் முதன்மை டிஸ்க்) அழிந்து, புதிதாக ஒன்று வந்துவிடும். பரீட்சை மெஷினுக்கு அருமை. செயற்றிட்டம் செய்கிற பிள்ளைக்கு அழிவு.

'பப்ளிக்' திறந்திருந்தால் எல்லோருக்கும் தெரியும். ஒரு வகுப்புக்கு மட்டும் என்றால் அதை மூடி, அந்த வகுப்பின் டொமைனை (கணக்குகளின் குழு) தெரிவுசெய்யுங்கள்.

சோதனையும் பராமரிப்பும்

அட்மினாகச் சோதிக்கவேண்டாம், மாணவர் கணக்கால் நுழைந்து ஒரு மெஷினை எடுத்துப் பாருங்கள். ஒரு கணக்குக்கு இயல்பான உச்சவரம்பு 20 மெஷின். வகுப்புக்கு அது மிக அதிகம். கணக்கின் லிமிட்டில் 2 ஆக்குங்கள்.

பழைய ஓஃபரிங்கை அழித்தாலும் அதில் ஓடும் மெஷின்கள் நிற்காது, புதிதாகக் கேட்பவருக்குத்தான் அது தெரியாது. ஒருவருக்கு மெமரி போதாவிட்டால் மெஷினை நிறுத்தி, பெரிய ஓஃபரிங்குக்கு மாற்றித் திரும்ப ஓடவிடுங்கள்.