பட்டறை போடுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் சேதராப்பட்டு, தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டை பக்கம் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகத்தைக் கடையும் சி.என்.சி. மெஷின் ரெண்டை இறக்கிவிட்டால் உலகச் சந்தை தேடி வந்துவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சீனாவை மட்டும் நம்பக்கூடாது என்று வெளிநாட்டுக் கம்பெனிகள் வேறு இடம் பார்ப்பது உண்மைதான், ஆனால் அவர்கள் வியட்நாமையும்தான் பார்க்கிறார்கள்.

பெரிய தவறு, சலுகையை வைத்துக் கணக்குப் போடுவது. புதுச்சேரியில் ஒரு காலத்தில் விற்பனை வரி குறைவு, வருமான வரி விலக்கு வேறு என்று வெளியூர்க் கம்பெனிகள் வந்து குவிந்தன. விலக்குக் காலம் முடிந்தது, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து தமிழ்நாட்டோடு இருந்த வரி வித்தியாசமும் போனது, பலர் பூட்டிவிட்டுக் கிளம்பினார்கள். சலுகை கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? அது இல்லாமலும் லாபம் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரே வாடிக்கையாளரை நம்புவதும் அதே ரகம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது அந்த ஒரு சந்தையையே நம்பியிருந்த இறால், ஆடை ஏற்றுமதிக்காரர்கள் திணறிப்போனார்கள்.

'நாம் ஜாப் ஒர்க்தானே செய்கிறோம், ஏற்றுமதி விதியெல்லாம் நமக்கு எதற்கு' என்று இருக்காதீர்கள். இரும்பு, அலுமினியப் பொருட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரியிலிருந்து, தயாரிக்கும்போது வெளியாகும் கார்பனைக் கணக்கிட்டுப் போடும் கார்பன் கட்டணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது, போல்ட்டும் ஸ்குரூவும்கூட அதில் அடக்கம். நீங்கள் கடைந்து கொடுக்கும் போல்ட்டைச் சென்னைக்காரர் ஜெர்மனிக்கு அனுப்பினால், இரும்பு எந்த மில்லுடையது என்ற கேள்வி உங்களிடம்தான் வரும். இரும்போடு வரும் மில் சர்டிபிகேட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

கழிவுநீர் விஷயத்தில் 'பிறகு பார்த்துக்கலாம்' கூடவே கூடாது. ரசாயன ஆலைகள் நிறைந்த கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் பக்கத்து ஊர்க்காரர்களைக் கேட்டால் மீதியைச் சொல்வார்கள்.

கடைசியாகப் பணம். முதல் சரக்கு அனுப்புவதற்கு முன்பே உத்யம் பதிவை, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவை, முடித்துவிடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. குறு, சிறு நிறுவனமாக இருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தாலும் வாங்கியவர் 45 நாளைக்கு மேல் இழுக்க முடியாது; ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். சட்டம் 2006-லிருந்தே இருக்கிறது. இருந்தும் ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில் நம் ஆட்கள் வாயே திறப்பதில்லை. சரி, சண்டை வேண்டாம், பில்லிலேயே உத்யம் எண்ணையும் கெடு தேதியையும் அச்சடித்துவிடுங்கள்.